புயலடிக்கும்போது ஹாம் ரேடியோ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வேதாரண்யம் வாசகர்: 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்களுக்கு செல்போன் சுத்தமாக வேலை செய்யவில்லை. உங்கள் ரேடியோ மட்டும் எப்படி வேலை செய்யும்?

செல்போனுக்கு டவர் வேண்டும், டவருக்கு கரண்ட் வேண்டும். ஹாம் ரேடியோ என்பது, லைசென்ஸ் வாங்கிய தனிநபர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு; நடத்துபவரையும் ஹாம் என்றே சொல்வோம். இதற்கு இரண்டு பக்கமும் ஒரு செட், ஒரு ஆண்டெனா, ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தால் போதும். கார் பேட்டரியிலேயே ஓட்டலாம்.

நாகப்பட்டினம் வாசகர்: 5 வாட் வாக்கி டாக்கி வைத்து இங்கிருந்து சென்னைக்குப் பேசலாமா சார்?

முடியாது. அது ஊருக்குள் பேச உதவும். வரும் அலையை வாங்கித் திரும்ப வலுவாக அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் இருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகும், ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டுமே. சென்னைக்குப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் சரி. பக்கத்துக்கு 10 மீட்டராக மொத்தம் 20 மீட்டர் கம்பியை ஆண்டெனாவாக, தரையிலிருந்து நாலைந்து மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். அலை மேலே போய், வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். தென்னையெல்லாம் சாய்ந்துவிட்டால் எதில் கட்டுவது? இரண்டு மூங்கில் நட்டுக் கட்டுங்கள். இருட்டியதும் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாற வேண்டியிருக்கும்.

கடலூர் வாசகர்: பேசத்தானே போகிறோம், பயிற்சி எதற்கு?

செட் வாங்கியவர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். "முகாமில் 70 பேர், 2 பேருக்கு இன்சுலின் வேண்டும்" என்று ஒரு செய்தி. இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் "ஏழு, சைபர்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கேட்பவர் எழுதிக்கொண்டு முழுவதையும் திருப்பி வாசிக்க வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும். அப்புறம், யார் எப்போது பேச வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் நெட் கண்ட்ரோல் நிலையம் கூப்பிடும்வரை வாய் திறக்கவே கூடாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் உதவ வந்தால் ஒருவர் குரலும் கேட்காது. இதெல்லாம் வெயில் காலத்திலேயே பழகியிருந்தால்தான் மழையில் கைகொடுக்கும்.

மதுரை வாசகர்: நிஜமாகவே இது உதவியிருக்கிறதா?

2004 டிசம்பரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோவின் குழு, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர்கள். 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி அறுந்ததும், அதே நிலையத்தை அவசரத் தொடர்புக்குத் திருப்பிவிட்டார்கள். தீவுகளில் இருந்தவர்களைப் பற்றிய தகவல் அவர்கள் மூலம் வெளியே வந்தது. பொழுதுபோக்குக்கென்று கொண்டுபோன கருவிதான், ஆனால் இயக்கத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. எனக்கு அதில் பெருமை உண்டு.

பிளஸ் டூ மாணவி: நான் லைசென்ஸ் வாங்கலாமா சார்?

தாராளமாக வாங்கலாம்மா, 12 வயது ஆகியிருந்தால் போதும். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு அது. அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும் கேட்பார்கள். லைசென்ஸில் ரெஸ்டிரிக்டட், ஜெனரல் என்று இரண்டு கிரேடு. ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தேவையில்லை, ஜெனரலுக்கு உண்டு. லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன் செட் மட்டும் வாங்கிவிடாதே, அது சட்டப்படி குற்றம். அதுவரை உன் ஊரில் உள்ள ஹாம் ஒருவரின் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து கவனி.