காடியா தோற்றால் யாருக்கு அவமானம்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம், வீட்டில் தெரிந்தால் வம்பு. நானும் நண்பர்கள் சிலரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மாடி அறையில் வார்ஹாமர் 40,000 விளையாடுகிறோம். என்னுடையது காடியப் படை. ஒவ்வொரு மினியேச்சரையும் வெட்டி, ஒட்டி, காக்கி உடுப்பும் பச்சைக் கவசமும் தீட்டி வைத்திருக்கிறேன். சம்பளத்தில் எவ்வளவு அதில் போயிற்று என்று கேட்காதீர்கள்.

காடியாவின் வீழ்ச்சியைப் பற்றி 2023-ல் வந்த நாவலை இப்போதுதான் முடித்தேன். இரண்டு நாளாக மனசு சரியில்லை. பத்தாயிரம் ஆண்டு காவல் காத்த கிரகத்தைச் சுக்குநூறாக்கிவிட்டார்கள். தளபதி கிரீடை ஒரு இயந்திரப் பேய் பிடித்துக்கொண்டு போகிறது. போதாததற்கு அவருக்கு ஒரு மகள் என்று புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ரசிகர்களில் பாதிப் பேர் இதைப் பெரும் படைப்பு என்கிறார்கள். பாதிப் பேர் எங்கள் படையை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று கொதிக்கிறார்கள். எங்கள் குழுவில், காடியாவை அழித்த எதிரித் தலைவன் அபடானின் படையை வைத்திருப்பவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

என் கேள்வி இதுதான். வாசகர்கள் உயிராக நினைக்கும் ஒரு படையை இப்படித் தோற்கடிக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டா? என் படைக்கு வேறு நிறம் அடித்து வேறு ரெஜிமென்ட் ஆக்கிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். நீங்கள் இந்த மாதிரி நாவல்களை எல்லாம் படிப்பீர்களா, அண்ணாச்சி?

அன்புடன்,
ஒரு காடியன்

*

அன்புள்ள தம்பி,

படிப்பதுண்டு. பாதி ராத்திரியில் ரயில் தாமதமாகும்போது இதைவிட நல்ல துணை கிடையாது.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. வார்ஹாமர் 40,000 என்பது 1987-ல் இங்கிலாந்தில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட மேஜை விளையாட்டு. சின்னச் சின்னப் படைவீரர்களை வாங்கி, வர்ணம் தீட்டி, பகடை உருட்டிப் போர் செய்ய வேண்டும். அந்தப் போர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை உலகம் இருக்கிறது. அதற்கு நூற்றுக்கணக்கில் நாவல்கள் வந்துவிட்டன, அவற்றை வெளியிடுவதும் அதே நிறுவனத்தின் பதிப்பகம்தான். காடியா அந்த உலகத்தின் எல்லைக் காவல் கிரகம். நரகத்தின் வாசல் என்று சொல்லத்தக்க ஒரு வெளியிலிருந்து எதிரிப் படை வெளியே வர நிலையான ஒரே பாதை, அதன் வாயில் இது உட்கார்ந்திருக்கிறது. அங்கே எல்லோரும் சிப்பாய்கள். அந்த நரகத்தின் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்ததால் கண்மணி ஊதாவாக இருக்கும். மந்திரமும் இல்லை, ராட்சத உடம்பும் இல்லை. துப்பாக்கியும் பிடிவாதமும் மட்டும் உள்ள சாதாரண மனிதர்கள். அந்த உலகத்தில் எட்டடி உயர வீரர்களை எல்லாம் விட்டுவிட்டு இவர்களை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. உங்கள் கடிதம் அதை உறுதிப்படுத்துகிறது.

இப்போது அவமானம் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் இருப்பது பாளையங்கோட்டை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை தப்பித்தது உங்கள் ஊர்ச் சிறையிலிருந்துதான். அதற்கு ஒன்றேகால் ஆண்டு முன்னால், 1799 அக்டோபர் 16 அன்று, அவர் அண்ணன் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டிருந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். ஊமைத்துரை வெளியே வந்த சில நாட்களில் அதே மண்ணில் கோட்டை திரும்ப எழுந்து நின்றது. மார்ச் மாதக் கடைசியில் முதலில் மோதிய ஆங்கிலப் படை தோற்றுத் திரும்பியது. பிறகு பெரும் பீரங்கிகளோடு வந்து மே 24-ல் பிடித்தார்கள். அந்த நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கில்.

இதில் கடைசி வரை தோல்விதான். ஆனால் இதை விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் எதிர்த்தரப்பில் நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ். கோட்டை விழுந்த பிறகு நடந்த ஒன்றை அவர் சொல்கிறார். தன் மகனைத் தேடிப் பிணங்களுக்கு நடுவே வந்த ஒரு தாய் அவனைக் குற்றுயிராகக் கண்டுபிடிக்கிறாள். அவனோ, என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. தூக்கிக்கொண்டு போகும்போது எதிரிப் படையின் ஆட்கள் வர, பெண்கள் அவரைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தவன் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். கிட்டே வர யாருக்கும் துணிவில்லை. ஜெயித்தவன் எழுதிய புத்தகத்தில் தோற்றவன் இப்படி நிற்கிறான். வெல்ஷின் புத்தகத்தை வெறும் தோல்விக் கணக்காகப் படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

இன்னும் கிட்டத்தில் ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். குடத்தில் பத்தி அடிப்பதும் வீசுகோல் வில்லில் விழுவதும் எப்போது வேகம் பிடிக்கும்? நாயகன் ஜெயிக்கும் இடத்திலா? இல்லை. வெட்டுப்படும் இடத்தில். அங்கேதான் சாமியாடிக்கு அருள் வரும். சண்டையில் செத்தவனுக்கும் அநியாயமாகக் கொல்லப்பட்டவனுக்கும்தான் இங்கே பீடம் கட்டிப் பொங்கல் வைத்திருக்கிறோம். எங்கள் சாமியைச் சாகடித்துவிட்டான் என்று புலவரோடு யாரும் சண்டைக்குப் போனதில்லை. சாவைச் சரியாகப் பாடவில்லை என்றால் போவார்கள், அது வேறு.

ஆகவே எழுத்தாளருக்கு உரிமை உண்டா என்றால், உண்டு. தோற்கடிக்கலாம். கிரகத்தையே உடைக்கலாம்.

எனக்குப் பிடிக்காதது வேறு ஒன்று. ரசிகர் மனம் நோகிறது என்று கதையைப் பின்னால் போய்ப் பழுது பார்ப்பது. படைக்கு அவமானம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாரே நண்பர், அவருடைய அபடானையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ஆண்டில் பன்னிரண்டு படையெடுப்பு. பன்னிரண்டு முறையும் அந்த உலகத்தின் தலைநகரை எட்டாமல் திரும்பினான். ரசிகர்கள் பல வருஷம் அவனை ஓட்டித் தள்ளினார்கள். பழைய உலோக மினியேச்சரில் கை கழன்று விழும் என்பதையும் சேர்த்துக்கொண்டு, கையில்லாத அபடான் என்று பட்டப்பெயர் வேறு. பிறகு வந்த கதைகளில் என்ன ஆயிற்று? அவை தோல்வியே இல்லையாம். ஒவ்வொன்றிலும் ஒரு ரகசிய நோக்கம் இருந்ததாம், அது நிறைவேறியும் விட்டதாம். எனக்கு இதைப் படித்தபோது சப்பென்று போய்விட்டது. பன்னிரண்டு முறை தோற்றும் பதின்மூன்றாவது முறை கிளம்புகிறவன் பயங்கரமான ஆள். எல்லாம் திட்டப்படி நடந்தது என்று சொல்லிவிட்டால் அவன் வெறும் கணக்குப்பிள்ளை.

இந்தப் பழுது பார்ப்பு நமக்கும் புதிதில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. ஆடி அமாவாசைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். முத்துப்பட்டன் பிராமண வாலிபன். மலையடிவாரத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் சகோதரிகள் மேல் ஆசைப்படுகிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை, குடுமியை அறுத்துப் பூணூலைக் கழற்றிவிட்டு, செருப்புத் தைத்து விற்றுக் காட்டினால் பெண் தருகிறேன் என்கிறார். செய்து காட்டுகிறான். கல்யாண ராத்திரியே மாடு கவர வந்தவர்களோடு மோதி அவர்களை வெட்டிச் சாய்த்து, கடைசியில் மறைந்திருந்தவன் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பிற்காலப் பாடல்களில் அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு முன்கதை ஒட்டப்பட்டிருக்கிறது. யாருக்கோ பழைய கதை உறுத்தியிருக்கிறது. யாருடைய கௌரவமோ காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் அந்த முன்கதையை ஒத்துக்கொண்டால் முத்துப்பட்டன் இழந்தது என்ன? பூணூலைக் கழற்றியதற்கு என்ன பொருள்? கதையே காலியாகிவிடுகிறது. நல்லவேளை, அங்கே காணிக்கை இன்றைக்கும் செருப்புதான். அதை மாற்ற எந்த முன்கதையாலும் முடியவில்லை.

காடியா விஷயத்தில் அப்படிப் பழுது பார்க்கவில்லை என்பதால்தான் எனக்கு மரியாதை. இத்தனைக்கும் அவர்களுக்கு நல்ல சாக்கு இருந்தது. 2003-ல் உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்ட முடிவுகளை அனுப்பி, காடியாவின் கதியைத் தாங்களே தீர்மானிக்க ஒரு பெரிய ஏற்பாடு நடந்தது. தரையில் எதிரி கை ஓங்கியது, விண்வெளியில் மனிதர்களின் விண்கப்பல் படை ஆதிக்கம். இழுபறி. அதற்கப்புறம் கதைக் கடிகாரத்தை அந்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி வருஷக்கணக்கில் இழுத்தார்கள். அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. 2017-ல் துணிந்து உடைத்தார்கள். அபடான் ஒரு சிதைந்த விண்கோட்டையையே கிரகத்தின் மேல் கொண்டுபோய் மோதினான். நரகத்தைத் தடுத்து வைத்திருந்த கருங்கல் தூண்கள் விழுந்தன. விண்மீன் மண்டலமே இரண்டாகக் கிழிந்தது.

அப்போது காடிய ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கோபப்பட்டார்கள்தான். ஆனால் கொஞ்ச நாளில் ஒரு வாக்கியம் அவர்களுடைய கொடியாகிவிட்டது: காவற்படை உடைவதற்கு முன்னால் கிரகம் உடைந்தது. தோல்வியிலிருந்து இதைவிடப் பெரிய பெருமையை எந்த வெற்றி கொடுத்திருக்கும்? நீங்கள் படித்த நாவல் ஆறு வருஷம் கழித்து அந்த வாக்கியத்துக்குள் போய் அது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கிறது. மேலிருந்து கீழ் வரை பல பேருடைய கண் வழியாகப் பார்க்கிறது. எனக்கு அதில் தளபதிகளின் ஆலோசனைக் காட்சிகளைவிட அடிமட்டச் சிப்பாய்கள் வரும் பக்கங்கள்தான் பிடித்தன.

குறையும் உண்டு, ஆனால் ரசிகர்கள் சொல்லும் குறை அல்ல. இந்த உலகத்தில் எதுவும் முழுசாகச் சாக முடியாது. பெட்டி கடையில் விற்றுக்கொண்டிருக்கிறதே! கிரகம் போகலாம், காடியப் படை போக முடியாது. கிரீடின் மகள் அர்சுலா விஷயமும் அதுதான். நாவலுக்காகப் பிறந்தவளா, அதே சமயத்தில் வந்த மினியேச்சருக்காகப் பிறந்தவளா என்ற சந்தேகம் நியாயமானது. இரண்டும்தான். ஆனால் வியாபாரத்துக்காக வந்த ஒரு பாத்திரத்தை நாவலாசிரியர் மனுஷியாக்கியிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். மகளைச் சரியாக அறியாத அப்பா, அப்பாவின் பெயரைச் சுமக்கும் மகள். கிரீடைத் தந்திரசாலி, ராட்சத இயந்திரத்தையே ஒளித்து வைத்துவிடுவார் என்று கேலியும் பாசமுமாகக் கொண்டாடிய ரசிகர்களுக்கு, அவர் ஒரு குடும்பஸ்தராகத் தோற்றவர் என்பது உறுத்துகிறது என்று நினைக்கிறேன். உறுத்தட்டும்.

கிரீடைத் தூக்கிக்கொண்டு போகும் ட்ராசினைப் பற்றிக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பிடிக்கும். எந்தச் சண்டையிலும் பக்கம் சேராமல், அரிய பொருள், அரிய ஆள் எது கிடைத்தாலும் தன் அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறவன். 1876-ல் பெர்லினிலிருந்து ஜாகர் வந்து நம் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்ததைக் கப்பலேற்றிக்கொண்டு போனார். திருநெல்வேலிக்காரர்களுக்கு ட்ராசினை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், நிறம் மாற்றும் யோசனை. வேண்டாம். கிரகம் போன பிறகும் காடிய ரெஜிமென்ட்கள் கதையில் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. நண்பர் அடுத்த ஞாயிறு சிரித்தால் அந்தப் பன்னிரண்டு படையெடுப்பை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். ரகசிய நோக்கம் என்று ஆரம்பிப்பார். அப்போது நீங்கள் சிரிக்கலாம்.

அன்புடன்,
அண்ணாச்சி