ஹெட்லைட்டைக் கண்டாலே நடுங்குகிறது

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறோம். நானும் மனைவியும்தான் பால்வெட்டு. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து வெட்டு நின்றிருந்தபோது எங்கள் இரண்டு வயதுப் பெண் நாய் காலடியிலேயே கிடந்தது. மறுபடி வெட்டு தொடங்கியதிலிருந்து, காலை நாலரைக்கு நாங்கள் இறங்கியதும் ஊளையிடுகிறது, கதவைப் பிராண்டுகிறது. திரும்பி வந்து பார்த்தால் தரையெல்லாம் எச்சிலும் மூத்திரமும். இப்போது ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டுகிறோம். மருந்துக்கடைக்காரர் தூக்க மாத்திரை தருகிறேன் என்கிறார். எவ்வளவு கொடுக்கலாம், டாக்டர்?

பதில்: மாத்திரை இருக்கட்டும். உங்கள் நாய்க்கு இருப்பது தனிமைப் பதற்றம், அதாவது தனியாக விடப்படும் பயம். முதலில் நாயை அந்தக் கொட்டகையிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் அங்கேதானே இருக்கும்? திமிறுகிற நாய் கேனைத் தட்டிவிட்டால் கண்ணும் வாயும் வெந்துபோகும். சங்கிலியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட நாய்களுக்கும் கழுத்து இறுகிய நாய்களுக்கும் நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

இனி மாத்திரை. அளவு சொல்ல மாட்டேன், ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்து உடம்பைத்தான் தளர்த்தும், பயத்தைப் போக்காது. நாய் சத்தமில்லாமல் கிடக்கும், உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், உள்ளே அது அதே பதற்றத்தில் எழுந்து ஓட முடியாமல் கிடக்கும். மனிதருக்கான தூக்க மாத்திரை என்றால் சில நாய்களுக்கு அமைதி வருவதற்குப் பதிலாக ஆவேசம் கூடும். நாயைக் கண்ணால்கூடப் பார்க்காமல் மாத்திரையை எண்ணிக் கொடுப்பது வைத்தியமே இல்லை. உரத்தோடு பூச்சிமருந்தையும் சேர்த்துத் தலையில் கட்டும் அதே வியாபாரம்தான் இது. இந்தத் தனிமைப் பதற்றத்துக்கு ஃபுளுவாக்ஸெட்டின், குளோமிப்ரமின் என்று மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவர் பரிசோதித்துத்தான் எழுத வேண்டும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவும் பழக்குதலோடு சேர்த்துக் கொடுத்தால்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்த நாயால் எத்தனை நிமிஷம் தனியாக இருக்க முடியும்? பழைய செல்போனில் வீடியோ ஓடவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிடும். மூன்றாவது நிமிஷம் ஊளை தொடங்கினால், அதன் தாங்குசக்தி மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. அதை நாலரை மணிக்கு விட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்தால் எப்படி?

இருட்டில் வெட்டப் போகும்போது தலையில் கட்டுகிற ஹெட்லைட்டை மாட்டியதுமே அதற்கு விஷயம் தெரிந்துவிடும். அதனால் வெட்டு இல்லாத நாட்களில் ஹெட்லைட்டை மாட்டுங்கள், வெட்டுக்கத்தியை எடுங்கள், அப்புறம் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். நாய் தலையைக்கூடத் தூக்காத நிலை வரும்வரை தினமும் பல தடவை இப்படிச் செய்ய வேண்டும். அதன் பிறகு வாசலைத் தாண்டிப் பத்து நொடி, அரை நிமிஷம், ஒரு நிமிஷம். அழத் தொடங்கும் முன்னே திரும்பிவிட வேண்டும். இன்றைக்கு இரண்டு நிமிஷம் என்றால் நாளைக்கு மூன்று என்று கணக்குப் போடாதீர்கள். இடையிடையே நேரத்தைக் குறைக்கவும் வேண்டும். முள் எடுத்த சாளைமீன் கலந்த சோறு கொஞ்சம் வைத்துவிட்டுப் போங்கள். அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றால் நீங்கள் போன நேரம் அதிகம். பயந்த நாய்க்குத் தீனி இறங்காது.

இதெல்லாம் முடியும்வரை, உண்மையான வெட்டு நாட்களில் அதைத் தனியாக விடக் கூடாது. ஒருநாள் விட்டால் ஒரு வாரப் பழக்கம் வீணாகும். ஒருவர் முதலில் இறங்கட்டும், மற்றவர் விடிந்தபிறகு நாயையும் கூட்டிக்கொண்டு பால் எடுக்க வரட்டும். இல்லையென்றால் நாய்க்குப் பழகிய பக்கத்து வீட்டில் விடுங்கள். வேலை தாமதமாகும்தான். ஆனால் கதவை மாற்றுவதற்கும் அதைவிடச் செலவாகும்.

திரும்பி வந்ததும் அடிக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். தலையைத் தொங்கப்போட்டு நிற்பது குற்ற உணர்ச்சியால் இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்து வந்த பயம். அந்தப் பயம் சேர்ந்தால் மறுநாள் இன்னும் அதிகமாகப் பதறும்.

மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒரு நிமிஷத்தைத் தாண்டவில்லை என்றால், அந்த வீடியோவோடு அரசு கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அப்போது மருந்தைப் பற்றிப் பேசலாம்.