மகன் நாய்ப் பயிற்சியாளர் ஆக வேண்டும் என்கிறானா?

வணக்கம் அம்மா. படிப்பு முடிந்ததும் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவதாக உங்கள் மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான், எந்நேரமும் போட்டி, பட்டம் என்றே பேசுகிறான், இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைக்கலாம். ஆனால் தம்பி நினைக்கிற வழியில் இல்லை.

போட்டியில் பெரும்பாலும் கிடைப்பது ரிப்பன், கோப்பை, நாயின் பெயரோடு ஒரு பட்டம். நுழைவுக் கட்டணம், பயணம், மருத்துவச் செலவு எல்லாம் கைக்காசு. சம்பாத்தியம் என்பது நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் வருகிறது. வகுப்பில் ஒரு மணி நேரம் போக மீதி வாரம் முழுக்க நாய் அவர்களோடுதானே இருக்கப் போகிறது? அதனால் நான் அவனிடம் கேட்பது "நாய் பிடிக்குமா?" என்று இல்லை. சொன்னதையே நாலாவது தடவையும் தப்பாகச் செய்யும் மனிதரிடம் முகம் சுளிக்காமல் பேச வருமா? மனிதர்களைப் பிடிக்காமல் இந்தப் பக்கம் ஒதுங்குகிறவர்கள் சீக்கிரமே நொந்துபோகிறார்கள்.

அப்படியென்றால் போட்டி எதற்கு? தொழில் கற்றுக்கொள்ள. வீட்டில் "உட்கார்" என்றால் உட்காரும் நாயை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். அமெரிக்காவின் நாய் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ஒபீடியன்ஸ் (கீழ்ப்படிதல்) போட்டிகளில் நாவிஸ், ஓப்பன், யுட்டிலிட்டி என்று படிகள் உண்டு. 200-க்கு 170 எடுக்க வேண்டும், ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வாங்க வேண்டும், இப்படி மூன்று முறை தேறினால்தான் அந்தப் படிக்கான பட்டம். யுட்டிலிட்டியில் ஒரு சோதனை: ஒரே மாதிரியான தோல், உலோகப் பொருட்களின் குவியலில், உரிமையாளர் கையால் தேய்த்து மணம் ஏற்றிய ஒன்றை மட்டும் நாய் மோந்து எடுத்து வர வேண்டும். இன்னொன்றில் தூரத்தில் நின்று வெறும் கை சைகையால் நாயைப் படுக்க, உட்கார, அருகே வர வைக்க வேண்டும், வாயே திறக்கக் கூடாது. ரிங்குக்குள், அதாவது போட்டிக் களத்துக்குள், தின்பண்டமும் பொம்மையும் அனுமதி இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். ரிங்கில் எதுவும் கிடைக்காது என்று நாய் கண்டுபிடித்துவிட்டால், பயிற்சிக் களத்தில் பிரமாதமாக நடந்த அதே நாய் போட்டியன்று தரையை மோந்துகொண்டு திரியும். அதனால் பரிசில்லாமல் செய்ய வேண்டிய வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும், அடுத்த பரிசு எப்போது வரும் என்று அதற்குத் தெரியாதபடி. இடமும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூடத்தில் கற்றதை நாய் மைதானத்தில் தானாகச் செய்துவிடாது.

அப்புறம் நேரக்கணக்கு. ஹீல் நடையில், அதாவது நம் காலை ஒட்டி நடக்கும்போது, நாய் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறது, அந்த நொடியிலேயே கிளிக்கர் ஒலிக்க வேண்டும் ("சரியாகச் செய்தாய்" என்று நாய்க்குச் சொல்லும், 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி அது). ஒரு நொடி பிந்தினால் நாய் தலையைத் திருப்பியிருக்கும், நாம் பாராட்டியது தலை திருப்பியதைத்தான். இந்தக் கை-கண் வேகம் புத்தகத்தில் வராது. ஒரு நாயை முதல் படியிலிருந்து மேல்நிலை வரை கொண்டுபோனவனுக்கே வரும், அதற்குச் சில வருடங்கள் ஆகும்.

அஜிலிட்டி, அதாவது நாய் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி பற்றியும் தம்பி பேசுவான். 1978-ல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து இடைவேளை நிகழ்ச்சியாகத் தொடங்கியது அது. பார்க்க ஜோர், சரி. ஆனால் எலும்பு வளர்ச்சி முடியாத குட்டியை உயரம் தாண்ட வைத்தால் மூட்டு கெடும், அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு மூன்றும் சேர்ந்த ஐ.ஜி.பி. என்ற போட்டியை, கடிக்கும் பயிற்சி இருப்பதால், கைதேர்ந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே கூடாது.

சான்றிதழ் விஷயத்தில் உஷாராக இருங்கள். பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பயிற்சியாளர் என்று பலகை மாட்டலாம், அதனால் பத்து நாள் சான்றிதழ்களுக்குக் குறைவில்லை. சி.சி.பி.டி.டி. என்ற தொழில்முறைப் பயிற்சியாளர் தேர்வு மன்றமோ, அடிப்படைத் தேர்வு எழுதவே கடந்த 3 ஆண்டுகளில் 300 மணி நேரமாவது பயிற்சி கொடுத்த அனுபவம் கேட்கிறது. எனக்கு அந்த முறைதான் சரியென்று படுகிறது. கூடவே கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்போ, விலங்கியலோ, உளவியலோ படிக்கட்டும். இந்தத் தொழிலில் ஆரம்ப வருமானம் சீராக வராது.

இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் சில மாதம் உதவியாளாகப் போகட்டும். முதலில் நீங்களும் அவனும் போய் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியரைப் பார்க்க வேண்டாம், நாய்களைப் பாருங்கள். வாலை இடுக்கிக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு, ஆள் நெருங்கினால் பதுங்குகின்றன என்றால் அந்த இடம் வேண்டாம். பார்க்கவே விட மாட்டோம் என்றாலும் வேண்டாம்.