அப்பா சொத்தில் பங்கு கேட்கும் கிளாஸ்

கேள்வி: ஜாவா என்ற நிரல்மொழி நடத்தும் சார், “இன்ஹெரிட்டன்ஸ் என்றால் அப்பா சொத்து பிள்ளைக்கு வருகிற மாதிரி” என்றார். ஓர் அப்பாவுக்கு இரண்டு பிள்ளை கிளாஸ் இருந்தால் ஆளுக்குப் பாதியா? பிள்ளை தன் பங்கை மாற்றினால் அப்பாவுக்கும் மாறுமா? இதைக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.
– பி.எஸ்ஸி. மாணவி, விருதுநகர்

பதில்: சிரித்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். எனக்கும் இதே சொத்துக் கதையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மறக்க எனக்குப் பல வருடம் ஆயிற்று.

சொத்து பிரித்தால் குறையும். இங்கே எதுவும் குறைவதில்லை. கிளாஸ் என்பது ஒரு வகைப் பொருளில் என்னென்ன இருக்கும் என்று எழுதிவைக்கும் அச்சு. ‘வண்டி’ என்ற கிளாஸில் பதிவு எண்ணுக்கு ஓர் இடம் இருக்கிறது. ‘லாரி’யும் ‘பஸ்’ஸும் அதை எக்ஸ்டென்ட் செய்கின்றன, அதாவது அதன் பிள்ளை கிளாஸ் ஆகின்றன. நியூ என்ற சொல்லைப் போட்டு அந்த அச்சிலிருந்து ஒரு லாரியை உருவாக்கினால், உருவான அந்த ஒரே ஆப்ஜெக்டுக்குள் பதிவு எண்ணும் இருக்கும், லாரிக்கே உரிய பாரக் கணக்கும் இருக்கும். அப்பா ஆப்ஜெக்ட் என்று தனியாக ஒன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. இந்த லாரியின் எண்ணை மாற்றினால் பக்கத்து பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டாடிக் என்று அறிவித்தது மட்டும் கிளாஸுக்கே ஒன்றாக இருக்கும், எல்லோருக்கும் பொது.

லாரி, பஸ் உதாரணம் என்னுடையது அல்ல. நார்வேயில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் 1960களில் சிமுலா மொழியை உருவாக்கியபோது யோசித்தது: பாலத்துச் சுங்கச்சாவடியில் லாரியும் பஸ்ஸும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வரிசைக்கு அவை ‘வண்டி’ என்று தெரிந்தால் போதும். சிமுலா 67-இல் இன்ஹெரிட்டன்ஸ் அப்படித்தான் வந்தது.

உங்கள் சார் சொல்லாத முக்கியமான விஷயம் மெத்தட்களில், அதாவது கிளாஸுக்குள் எழுதிவைக்கும் வேலைகளில், இருக்கிறது. ஓர் ஆப்ஜெக்டிடம் ஒரு வேலையைச் சொன்னால், தேடல் அதன் சொந்த கிளாஸில்தான் தொடங்கும். அங்கே இல்லாவிட்டால் மேலே அப்பா, அப்புறம் தாத்தா. அப்பா கிளாஸில் எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள்ளிருந்து ஒரு மெத்தடை அழைத்தாலும் தேடல் மறுபடியும் பிள்ளையிடமிருந்தே தொடங்கும். நான் அடிபட்ட இடம் இது.

ஒரு பல்பொருள் அங்காடிக்கு பில் மென்பொருள் எழுதினோம். ‘பில்’ கிளாஸில் இரண்டு மெத்தட்: ‘சேர்’ ஒரு பொருளைச் சேர்க்கும், ‘பட்டியல்சேர்’ பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக ‘சேர்’ மூலம் சேர்க்கும். தீபாவளிக்கு உறுப்பினர்களுக்குப் பொருளுக்கு ஒரு புள்ளி என்றார் கடைக்காரர். நான் ‘உறுப்பினர்பில்’ என்று ஒரு பிள்ளை கிளாஸ் எழுதி, இரண்டையும் ஓவர்ரைடு செய்தேன், அதாவது அதே பெயர்களில் என்னுடையதை எழுதினேன். ‘சேர்’ வந்தால் ஒரு புள்ளி. ‘பட்டியல்சேர்’ வந்தால் பட்டியலின் எண்ணிக்கை அளவு புள்ளி. பிறகு சூப்பர் என்ற சொல்லைப் போட்டு அப்பாவின் மெத்தடிடம் ஒப்படைப்பு.

ஸ்கேன் செய்து பார்த்தோம், சரியாக இருந்தது. பட்டியலாகச் சேர்க்கும், போனில் வந்த ஆர்டர்களுக்கு மட்டும் 12 பொருளுக்கு 24 புள்ளி. அப்பாவின் ‘பட்டியல்சேர்’ 12 முறை ‘சேர்’ என்று அழைத்தது. 12 முறையும் ஓடியது என்னுடைய ‘சேர்’. என் ‘பட்டியல்சேர்’ கொடுத்த 12-உடன் இன்னும் 12. மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. இரட்டைப் புள்ளி வாங்கிய வாடிக்கையாளர் புகார் சொல்லவா போகிறார்?

கடைசியில் பிள்ளை கிளாஸையே தூக்கிவிட்டோம். பில் முடிந்த பிறகு அதைப் பார்த்துப் புள்ளி எண்ணும் தனி கிளாஸ் ஒன்று போட்டோம். பில்லுக்குப் புள்ளிகளைப் பற்றி எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கேள்வி: ஜாவாவில் ஏன் ஒரு கிளாஸுக்கு இரண்டு அப்பா கூடாது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு அப்பாவும் ஒரே பெயரில் மெத்தட் வைத்திருந்தால் யாருடையதை எடுப்பது என்ற தகராறுதான். சி பிளஸ் பிளஸ் மொழி இரண்டு அப்பாவையும் அனுமதித்து, தகராறை உங்கள் தலையில் கட்டும். பைத்தான் மொழியும் அனுமதித்து, தேடும் வரிசையைத் தானே முடிவு செய்யும். 1995-இல் வந்த ஜாவா, கிளாஸ் ஒன்றுதான், என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் எத்தனை வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டது. எனக்கு ஜாவா வழிதான் பிடிக்கும்.

கேள்வி: எப்போது எக்ஸ்டென்ட் செய்யக் கூடாது?
– அதே வாசகர்

பதில்: ஜாவாவிலேயே ஒரு தவறு கிடக்கிறது, பாருங்கள். ஸ்டாக் என்பது மெஸ்ஸில் கழுவி அடுக்கிய தட்டு மாதிரி. மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம். ஆனால் அதை வெக்டர் என்ற பட்டியல் கிளாஸின் பிள்ளையாக எழுதிவிட்டார்கள். வெக்டரில் எந்த இடத்திலும் எதையும் செருகலாம் என்பதால் ஸ்டாக்கிலும் நடுவில் செருகலாம், நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் இன்றுவரை மாற்றவில்லை. ஜாவாவின் ஆவணமே, இதற்குப் பதிலாக, இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற டெக் (Deque) பயன்படுத்துங்கள் என்கிறது.