கேள்விக்கு என்ன பதில்: உலாவியில் போஸ்டர், உரிமத்தோடு எழுத்துரு

ஃபோட்டோஷாப் வாங்க வசதியில்லை. உலாவியிலேயே ஓடும் திறமூலப் படத்தொகுப்பி எது? வாடிக்கையாளர் படங்கள் வெளியே போகவும் கூடாது.
– வாசகர், விருதுநகர்

மினிபெயின்ட். எம்.ஐ.டி. என்ற திறமூல உரிமம் கொண்டது. படம் எந்த சர்வருக்கும் ஏறாது, வேலை முழுக்க உங்கள் கணினியிலேயே நடக்கும். பலர் உலாவியில் ஓடும் இன்னொரு படத்தொகுப்பியான ஃபோட்டோபீயையும் திறமூலம் என்றே நம்புகிறார்கள். அது விளம்பரத்தில் ஓடும் இலவசச் சேவை, அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு கைக்கு வந்தால் அது உதவும். மினிபெயின்டில் வேலையை அவ்வப்போது, லேயர்களை (படத்தின் அடுக்குகளை) தனித்தனியே வைத்திருக்கும் ஜேசன் கோப்பாகச் சேமியுங்கள். பிஎன்ஜி படம் மட்டும் வைத்திருந்தால் லேயர்கள் ஒன்றாகிவிடும். நாளை தேதியை மாற்றச் சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

‘கொடியேற்றம்’ என்று அடித்தால் கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கின்றன. எழுத்துரு சரியில்லையா?
– வாசகி, நாகர்கோவில்

எழுத்துருவில் பெரும்பாலும் குறை இருக்காது. கணினிகளின் பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் ‘கொ’ இரண்டு குறிகள்: முதலில் க, அதன்பின் ொ. கொம்பை முன்னே தள்ளி, காலைப் பின்னே வைப்பது உலாவியின் வேலை. முழுச் சொல்லைக் கொடுத்தால் அதை ஒழுங்காகச் செய்துவிடும். சில தொகுப்பிகள் எழுத்திடைவெளி வைப்பதற்காக ஒவ்வொரு குறியாகப் பிய்த்து வரைகின்றன. ஆங்கிலத்துக்கு அது பாதகமில்லை, தமிழ் சிதறும். இடைவெளியைச் சுழியாக்கிப் பாருங்கள். அப்போதும் உடைந்தால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, பாதையாக (வெறும் வடிவமாக) மாற்றி, பின்புலமற்ற பிஎன்ஜியாக எடுத்து லேயராகச் சேருங்கள். பாதையாக்கியபின் எழுத்துப்பிழை திருத்த முடியாது; மாற்றுவதற்கு முந்தைய எஸ்விஜி கோப்பைத் தனியே வையுங்கள். புதிய தொகுப்பி எதையும் ‘ஸ்ரீ கௌரி பூக்கோலம்’ என்று அடித்துச் சோதித்துவிட்டு நம்பலாம்.

நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவுக்குப் பதில் வேறொன்று தெரிந்தால், வலை எழுத்துரு இறங்குமுன் கேன்வாஸ் (உலாவியின் வரைபரப்பு) எழுத்தை வரைந்துவிட்டது என்று பொருள். சற்றுப் பொறுத்து எழுத்தளவை ஒரு புள்ளி மாற்றுங்கள்; மறுபடி வரையும்போது சரியாகிவிடும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழுக்கு முக்தா மலர் என்ற யூனிகோடு எழுத்துரு போட்டால் ஆங்கில எழுத்துகள் வருகின்றனவே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பாமினி கோப்பில் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான்; அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுவது பாமினி எழுத்துரு. ‘தமிழ்’ என்பது அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு எழுத்துருவைத் தொடுங்கள்.

அதே முக்தா மலரைக் கடைப் பலகைக்குப் போட்டால் காசு கேட்பார்களா?
– வாசகர், ஈரோடு

கேட்க மாட்டார்கள். அது எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவது. அந்த உரிமத்தின் 1.1 பதிப்பு 2007இல் வெளியானது. பலகை, லோகோ, புத்தகம் எதற்கும் கட்டணமில்லை, நன்றி போட வேண்டியதும் இல்லை. எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கக் கூடாது. செயலியில் சேர்த்தால் பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் கூடவே இருக்க வேண்டும். வளைவை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான். எழுத்துருவின் பெயர் அதை உருவாக்கியவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தால் வேறு பெயரில். உரிமக் கோப்பின் முதல் வரிகளிலேயே அந்த ஒதுக்கீடு இருக்கும்.

நோட்டோ செரிஃப் தமிழ், பாலூ தம்பி, அனேக் தமிழ் எல்லாம் இதே உரிமம். இடம் குறைவான பலகைக்கு அனேக் நல்லது, அகலத்தைக் குறுக்கலாம். லதாவும் விஜயாவும் விண்டோஸோடு வருபவை. கோப்பை நண்பருக்கு அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை. ‘இலவசப் பதிவிறக்கம்’ என்ற பொத்தான் உரிமம் ஆகாது.

ஏ3 போஸ்டர் பழைய ஐபோனில் வெறுமையாக வருகிறது. கணினியில் செய்து அச்சிட்டால் சின்ன எழுத்துகள் கலங்குகின்றன.
– வாசகி, கோலாலம்பூர்

300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ3 என்றால் 3508 × 4961, ஏறக்குறைய 1.74 கோடி பிக்சல். பழைய ஐபோன் சஃபாரியின் கேன்வாஸ் வரம்பு சுமார் 1.68 கோடி. மயிரிழையில் தாண்டுகிறது; 280 டிபிஐக்கு இறக்கினால் அடங்கும்.

கலங்குவதற்குக் காரணம் வேறு. உலாவி ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம்) வரைகிறது. அச்சகத்தில் அந்தக் கறுப்பு நான்கு மைகளாகப் பிரிகிறது. அச்சுத் தகடு ஒன்று இம்மி நகர்ந்தாலும் சிறு எழுத்தின் ஓரம் வண்ணமாகத் தெரியும். பின்னணிப் படத்தை மட்டும் உலாவியில் முடியுங்கள். எழுத்துகளை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 100 சதவீதக் கறுப்பு மையில் வைத்து, அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே பிடிஎஃப் ஆக எடுங்கள். ஸ்கிரைபஸின் 1.6 பதிப்பையே இறக்குங்கள்; 1.4இல் தமிழ் உடையும்.