மேற்குச் சுவரோரம் கருகும் சங்குப்பூ

வணக்கம். காட்பாடி வீட்டில் மேற்குப் பார்த்த சுவரோரம் சித்திரையில் போட்ட சங்குப்பூ விதை பாதி முளைக்கவில்லை, முளைத்த கொடியும் சுவரில் பட்டுக் கருகுகிறது, முன்னால் வைத்த செண்டுமல்லியும் வாடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மனம் விடாதீர்கள், தப்பு பருவத்தில்தான். கத்திரி வெயிலில் நம்ம வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சுவர் மதியம் குடித்த சூட்டை ராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும்.

ஆடி பிறக்கட்டும், சாயங்கால மழை எட்டிப்பார்க்கும். சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, உப்பிய விதையை மட்டும் ஊன்றுங்கள். கொடியைச் சுவரில் ஏற்றவே வேண்டாம். ஒரு சாண் தள்ளிச் சவுக்குக் கம்பு நட்டு, தேங்காய் நார்க் கயிறு கட்டுங்கள். கம்பி வெயிலில் கொதித்துத் தளிரைச் சுட்டுவிடும். யூரியாவும் வேண்டாம், இது அவரைக் குடும்பம், வேர் முடிச்சிலேயே தழைச்சத்து சேரும். அதற்கு மேல் போட்டால் இலைதான் மண்டும், பூ வராது.

செண்டுமல்லியைத் தொட்டியில் விதைத்து, நாலு வாரம் கழித்துச் சாயங்காலமாகப் பிடுங்கி ஓரடி இடைவெளியில் நடுங்கள். வேர் பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். ஆயுத பூஜைக்கு வீட்டுப் பூவே கிடைக்கும்.

அப்புறம், இப்போது மிஞ்சியிருக்கும் கொடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். மதியத்தில் பழைய வெள்ளை வேட்டியை நிழலுக்குக் கட்டி, விடியற்காலையில் தண்ணீர் விட்டு வாருங்கள்.