வாசகர் கேள்வி – பதில்: பாண்டுங் நகர மையத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் பணிபுரிகிறேன். ஜூன் விடுமுறையில் குடும்பத்துடன் இந்தோனேசியாவின் பாண்டுங் செல்ல எண்ணியுள்ளோம். நகர மையத்தைப் பார்க்க எத்தனை நாள் தேவைப்படும்?

இரண்டு முழு நாட்கள் போதும். ஆனால் அவை சனி, ஞாயிறாக இருக்க வேண்டாம். வார இறுதியில் ஜகார்த்தாவே அங்கு இடம்பெயர்ந்துவிட்டதோ என்று எண்ணுமளவுக்குச் சாலைகள் அடைத்துக்கொள்ளும். 2023 முதல் ஓடும் ‘வூஷ்’ அதிவேக ரயில் ஜகார்த்தாவின் ஹாலிம் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் பாண்டுங் பக்கம் சேர்த்துவிடும் என்றாலும், நகர மையத்துக்குச் செல்வோர் கடைசி நிலையம் வரை போகாமல் பாடலாராங்கில் இறங்கி இணைப்பு ரயிலில் மாற வேண்டும். அவசரமில்லையெனில் மலைப் பாலங்களைக் கடந்து மூன்று மணி நேரம் செல்லும் பழைய ரயிலையே நான் பரிந்துரைப்பேன்.

மேற்கு ஜாவாவில் வாழும் சுந்தா மக்களின் இந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகலிலும் தாராளமாக நடக்கலாம். ஏசியா அஃப்ரிகா சாலையில் தொடங்குங்கள். 1955 ஏப்ரலில் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் உட்பட 29 நாடுகளின் பிரதிநிதிகள் ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டுக்காகக் கூடிய மெர்டேகா கட்டடம் அங்குதான் உள்ளது. இன்று அதனுள் மாநாட்டு அருங்காட்சியகம் இயங்குகிறது. அருகிலுள்ள சவோய் ஹோமன் ஹோட்டலின் முகப்பு, அலை புரண்டாற்போல வளைந்து செல்வதைத் தெருவின் எதிர்ப்புறம் நின்று பார்த்தால்தான் அதன் அழகு பிடிபடும். இந்த மைய வட்டாரத்தின் பெயரான ‘சுமூர் பாண்டுங்’ என்பதற்குப் பாண்டுங் கிணறு என்று பொருள். அந்தக் கிணறு அதே சாலையில் மின்வாரிய அலுவலகக் கட்டடத்துக்குள் இன்றும் காக்கப்படுகிறது.

கேள்வி: அங்கே நகர மையத்தில் மலிவாக ஒரு வீட்டை வாங்கிப்போடுமாறு என்னுடன் பணிபுரியும் இந்தோனேசிய நண்பர் சொல்கிறார். வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாதாம். அதனால் அவர் பெயரில் வாங்கிவிட்டு, பணம் என்னுடையது என்று தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். நண்பர் நல்லவராகவே இருக்கலாம். குறை ஏற்பாட்டில் இருக்கிறது. நம் ஊரில் இதற்குப் பினாமி என்று பெயர். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டப்படி, ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. அந்த உரிமையை நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு மாற்றும் எந்தச் செயலும் செல்லாது என்றும், நிலம் அரசுக்குப் போய்விடும் என்றும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனவே நண்பர் நாளை மறுத்தாலோ, அவர் இறந்தபின் வாரிசுகள் சொந்தம் கொண்டாடினாலோ, உங்கள் கையிலுள்ள ஒப்பந்தமே நீங்கள் சட்டத்தைச் சுற்றி வந்ததற்கான சாட்சியாகிவிடும்.

நேரான வழி ஒன்று உண்டு, ஆனால் அது குறுகலானது. ‘ஹக் பகாய்’ என்ற பயன்பாட்டு உரிமையை, முறையான குடிவரவு ஆவணம் உள்ள வெளிநாட்டவர் தம் பெயரிலேயே பெறலாம். 2021ஆம் ஆண்டு அரசாணைப்படி முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பாக 20, புதுப்பித்தலாக 30 என மொத்தம் 80 ஆண்டு வரை அது நீளக்கூடும். ஆனால் மாகாணந்தோறும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச விலைக்குக் கீழுள்ள வீட்டை வெளிநாட்டவர் வாங்க இயலாது. நண்பர் சொல்லும் ‘மலிவு’ அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியும் வாங்குவதாக முடிவு செய்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அசல் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். முதலில் உரிமையின் வகை, அடுத்து அது முடியும் நாள் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டடம் எழுப்பி வைத்திருக்கும் உரிமை மட்டுமே கொண்ட நிலமாக இருந்து, காலமும் சில ஆண்டுகளே மிச்சமிருந்தால், விலை குறைவாகத் தோன்றுவதன் காரணம் அதுவே. ‘கிரிக்’ என்ற பழைய வரித் தாளைக் காட்டி இதுதான் பத்திரம் என்பாருடன் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வில்லங்கம் உண்டா என்பதை நில அலுவலகப் பதிவேட்டில் சரிபார்ப்பதும் கிரயப் பத்திரம் எழுதுவதும் அரசு நியமித்த நில ஆவண அதிகாரியின் பணி. விற்பவர் அழைத்துவரும் அதிகாரியை விட நீங்களாகத் தேடிய ஒருவரே நல்லது. சொத்து கைமாறும்போது வாங்குபவர் செலுத்தும் வரி, விலையில் வரிவிலக்குத் தொகை போக மீதியில் 5 விழுக்காடு வரை வரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிராகா தெருவில் ஒரு பழைய டச்சு வீட்டை வாங்கி, இடித்துத் தங்கும் விடுதி கட்டினால் வருமானம் வருமா?

இடிக்க விடமாட்டார்கள். பிராகா வட்டாரத்தின் பழைய கட்டடங்கள் பல நகராட்சியின் மரபுச் சின்னப் பட்டியலில் உள்ளன. அவற்றில் முதல் வகுப்பில் வைக்கப்பட்டவற்றின் முகப்பைத் தொடுவதே கடினம். அத்துடன், அந்நாட்டில் நிலையாக வசிக்காத வெளிநாட்டவர் மரபுச் சின்னத்தை உடைமையாகக் கொள்ளவும் சட்டம் இடம் தருவதில்லை.

அந்தத் தெருவின் மேல் ஆசை விடவில்லையென்றால், முதலில் ஓராண்டு வாடகைக்கு எடுங்கள்; அங்கே வீட்டு வாடகையை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். அந்த ஓராண்டில் மழைக்காலமும் அடங்கட்டும். பிராகாவின் பின்புறம் சிகாபுண்டுங் ஆறு ஓடுகிறது. பிப்ரவரியில் ஒரு கனமழைக்கு மறுநாள் காலை அந்தப் பக்கத்துச் சந்துகளில் இறங்கி நடந்து, சுவர்களில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். விலையைப் பற்றி அப்போது பேசுவோம்.